மத்ரோனா போட்ட கையெழுத்து

பெத்தெல் விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எனக்கு ஒதுக்கிய விமானத்தில் ஏறப் போனேன். விமானி இருக்கையில் ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் மேல்நோக்கி நின்றன. தலை கீழே, மிதிகளுக்கு நடுவில் எங்கோ இருந்தது.

"யாரு அது? வெளிச்சத்த மறைக்காத," என்றது ஒரு பெண் குரல்.

"நான்தான் இத ஓட்டப் போற ஆளு."

"ரொம்ப சந்தோஷம். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து ஓட்டு."

அது 1989. நான் மினசோட்டாவிலிருந்து, இந்த வடகோடிப் பனிநாட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன். இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டேன். அந்தக் கால்களுக்கு உரியவள் மத்ரோனா வசிலி. விமானங்களின் ரேடியோக்களையும் வழிகாட்டும் கருவிகளையும் பொருத்துகிறவள், பழுது பார்க்கிறவள். குஸ்கோக்விம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அந்த வேலைக்கு அவளை விட்டால் அன்று வேறு ஆள் கிடையாது.

மத்ரோனா அந்த ஆற்றங்கரைப் பூர்வகுடிகளான யூப்பிக் இனத்துப் பெண். ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே, மலைச்சரிவின் அடியில் இருக்கும் நுனாராக் கிராமத்தில் பிறந்தவள். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். இளம் வயதில் ராணுவக் காவல் படையின் ரேடியோப் பிரிவில் சேர்ந்து அங்கே சாலிடரிங் கம்பி பிடிக்கக் கற்றாள். பிறகு விமான நிலைய ரேடியோ கடையில் பதினான்கு வருடம். கடை முதலாளி தெற்கே போய்விட்டபோது, அவருடைய அளவுமானிகளை வாங்கி, ஓடுதளத்தை ஒட்டிக் கிடந்த ஒரு கப்பல் கன்டெய்னருக்குள் வைத்துத் தானே கடை போட்டாள். உள்ளே எண்ணெய் அடுப்பு ஒன்று எப்போதும் எரியும். அதன் மேல் கறுப்புத் தேநீர் கொதித்துக் கொண்டிருக்கும். புருஷன் ஒஸ்கார் ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டினான். வாயாடி. "எங்க வீட்டுல பேசற வேலைய நான் பாத்துக்கறேன், கேக்கற வேலைய அவ பாத்துக்கறா," என்பான். மத்ரோனா பேசவே மாட்டாள் என்றில்லை. பேசினால் குத்தும்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி, அவசரமென்றால் விமானம். எங்களைப் படுத்தியது மேகம்தான். மேகத்துக்குள் ஒரு விமானத்தை இறக்க வேண்டுமானால், தரையிலிருந்து ஒரு வழிகாட்டும் அலை வரவேண்டும். விமானி வெளியே பார்க்காமல் கருவியின் முள்ளைப் பார்த்தே இறங்குவான். பெத்தெலில் அந்த வசதி உண்டு. நுனாராக் மாதிரி கிராமங்களில் எதுவும் கிடையாது. அங்கே கண்ணுக்குத் தெரிந்தால் இறங்கலாம், தெரியாவிட்டால் திரும்ப வேண்டும். திரும்ப மனசு வராதவர்களை நாங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேராகப் புதைத்துக் கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஜிபிஎஸ் வந்தது. செயற்கைக்கோள்களைக் கேட்டு, 'நீ இங்கே இருக்கிறாய்' என்று சொல்லும் பெட்டி. ஆளுக்கொன்று வாங்கி முன்பலகையில் ஒட்டிக்கொண்டோம். அதன் கீழே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி: 'மேகத்துக்குள் பறக்க இதை நம்பக் கூடாது.' நாங்கள் ஸ்டிக்கரை ஒட்டினோம், படிக்கவில்லை.

1996 இறுதியில் நுனாராக் உட்பட மூன்று கிராமங்களுக்கு ஜிபிஎஸ்ஸை வைத்தே மேகத்துக்குள் இறங்கும் பாதைகளை அரசாங்கம் வரைந்து வெளியிட்டது. எங்கள் முதலாளி வெர்ன் ஹன்டோர்ஃப் அன்றைக்கே மூன்று புதுப் பெட்டிகளுக்குச் சொல்லி அனுப்பினார். நோயாளிகளைக் கொண்டுவரும் வேலை எங்கள் நிறுவனத்திடம் இருந்தது. வெர்ன் பெரிய உடம்பு, பெரிய குரல், நல்ல மனசு. பொறுமை மட்டும் கிடையாது.

இந்தப் பெட்டிகள் பழையவை மாதிரி இல்லை. மேகத்துக்குள் பறக்கத் தகுதியானவை என்று தொழிற்சாலையிலேயே சான்றிதழ் வாங்கியவை. ஆனால் அந்தச் சான்றிதழ் பெட்டிக்கு மட்டும்தான். அதை ஒரு விமானத்தில் பொருத்தினால் அந்த விமானத்துக்கென்று தனியாகச் சோதனை நடக்க வேண்டும். ஆண்டெனா சரியான இடத்தில் இருக்கிறதா, முள் சரியான பக்கம் சாய்கிறதா, எச்சரிக்கை விளக்கு விமானியின் கண்ணெதிரே எரிகிறதா, விமானத்திலுள்ள மற்ற கருவிகள் எதுவும் இதைக் கெடுக்காமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் பொருத்தியவர் தன் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு விமானத் துறையின் ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தான்.

வெர்னுக்கு இது புரியவில்லை.

"பொட்டிக்குத்தான் சர்ட்டிஃபிகேட் இருக்கே மத்ரோனா, அப்புறம் என்ன?"

"மாப்பிள்ளைக்கு சர்ட்டிஃபிகேட் இருந்தா போதுமா? வீட்டுக்குள்ள வந்து எப்படி இருக்கான்னு பாக்க வேணாமா?"

"எத்தன நாள் பாப்ப?"

"நீ வாசல்ல நின்னு கத்தாம இருந்தா சீக்கிரம் பாப்பேன்."

நான் ஓட்டிய விமானம்தான் முதலில் அவள் கைக்கு வந்தது. பத்தே நாளில் பெட்டியைப் பொருத்திவிட்டாள். கம்பிகளைப் பின்னல் போட்டது போல் கட்டியிருந்தாள். பிறகு சோதனை. ஜனவரி மாதம், விமானத்தை வெட்டவெளியில் நிறுத்தி, நானும் அவளும் உள்ளே உட்கார்ந்தோம். பெட்டியின் திரையில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு கோடு. கோடு உயரமாக இருந்தால் நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம். அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். விமான ரேடியோவை ஒவ்வொரு அலைவரிசையாக மாற்றி, பேசும் பொத்தானை நான் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கோடுகள் அசைகின்றனவா என்று அவள் பார்ப்பாள். எனக்கு விரல் மரத்துப்போயிற்று.

121.2 என்ற எண் வந்தது. அழுத்தினேன். எட்டுக் கோடுகள் இருந்த இடத்தில் ஐந்து நின்றன. பிறகு இரண்டு. பிறகு திரை வெறுமையாகிவிட்டது.

"விடு," என்றாள். விட்டேன். முக்கால் நிமிடம் கழித்துக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"மறுபடி அழுத்து."

மறுபடியும் அதேதான்.

"இந்த நம்பர்ல நாங்க யாரும் பேசறதே இல்லயே," என்றேன்.

"நான் அதக் கேக்கல. இது ஏன் விழுதுன்னு கேக்கறேன்."

விளக்கமும் அவளே சொன்னாள். ரேடியோ ஒரு அலையில் பேசும்போது அதன் மடங்குகளிலும் லேசாக முணுமுணுக்கும். 121.2-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட செயற்கைக்கோள் பேசும் அலை. செயற்கைக்கோளின் குரல் இங்கே வந்து சேரும்போது மிகமிக மெலிந்திருக்கும். பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு வந்தாலே மூழ்கிவிடும். ஆனால் எங்கள் ரேடியோவில் அந்த முணுமுணுப்பைத் தடுக்கும் வடிகட்டி இருந்தது. அது சரியாக வேலை செய்கிறது என்று மேசையில் வைத்துப் பார்த்துவிட்டாள். அப்படியானால் எங்கிருந்து வருகிறது?

கேபிளை மாற்றினாள். ஆண்டெனாவை ஒரு அடி பின்னுக்குத் தள்ளி, பழைய ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தாள். ரேடியோவையே கழற்றிவிட்டு வேறொன்று வைத்தாள். கோடுகள் விழுந்துகொண்டேதான் இருந்தன. ஆறு வாரம் ஓடிவிட்டது. மற்ற இரண்டு விமானங்களும் வரிசையில் காத்திருந்தன. எங்களுடைய கம்பெனி அலைவரிசை 131.25, அதன் பன்னிரண்டு மடங்கும் அதே ஆபத்தான பக்கத்தில்தான் வருகிறது என்றாள். ஆனால் அதில் எத்தனை தடவை அழுத்தியும் கோடுகள் அசையவில்லை.

"அப்ப அந்த ஒரு சேனல மட்டும் தொடாதீங்கடான்னு எழுதி ஒட்டிட்டுக் கையெழுத்துப் போடு," என்றார் வெர்ன்.

"ஏன் விழுதுன்னு தெரியாத ஒண்ணு எப்ப விழும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஊரே காத்துக்கிட்டு இருக்கு மத்ரோனா."

"தெரியும். அது என் ஊரு."

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு நுனாராக்கிலிருந்து தொலைபேசி வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தப்போக்கு. பெயர் எலேனா. மத்ரோனாவின் கடைசித் தங்கை.

நானும் கரோலா என்ற நர்ஸும் கிளம்பினோம். மேலே நீல வானம். கீழே நுனாராக் இருக்க வேண்டிய இடத்தில் பால் ஊற்றியது போல் மேகம். கிராமத்து மருத்துவ உதவியாளர் ரேடியோவில், "கூர மேலயே மேகம் உக்காந்திருக்கு, பக்கத்து வீடு தெரியல," என்றார். என் எதிரே புதுப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. ஓடுதளம் எங்கே, எவ்வளவு தூரம், எந்தத் திசை, எல்லாம் அதில் இருந்தது. ஓடுதளத்துக்குக் கிழக்கே ஆயிரத்து நூறு அடி மலையும் இருந்தது.

அவசரமென்றால் விதியை மீற விமானிக்கு உரிமை உண்டு. எனக்கு அனுமதி தேவைப்படவில்லை. எனக்கு வேண்டியிருந்தது உண்மை. கம்பெனி அலைவரிசையில் கூப்பிட்டு மத்ரோனாவைக் கேட்டேன்.

"நான் இறங்கப் பாக்கறேன். பொட்டி நிக்குமா?"

முதலில் வந்தது வெர்னின் குரல்: "சொல்லும்மா. உன் தங்கச்சி."

மத்ரோனா சொன்னாள்: "லைல், அது நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"பத்து நிமிஷமா பாத்துக்கிட்டு இருக்கேன், ஆடாம நிக்குது."

"சரி, மேல நிக்குது. கீழ நிக்கும்னு எனக்குத் தெரியல. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். நீ இறங்கினா விமானத்துல ரெண்டு பேரு."

நான் கரோலாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்துக் கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் வட்டமடித்தேன். எரிபொருள் குறைந்தது; திரும்பினேன். மேகம் மூன்று மணிக்கு விலகியது. உடனே போய் எலேனாவைக் கொண்டு வந்தோம். எலேனா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று கேட்டதற்கு, டாக்டர், "சொல்ல முடியாது, நிஜமாவே சொல்ல முடியாது," என்றார். அந்தப் பதில் யாருக்கும் உதவவில்லை.

ரேடியோவில் பேசியது ஊருக்கே கேட்டிருந்தது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ரேடியோ உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போன மத்ரோனாவை எலேனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வரவேற்றாள். கடையில் சாமான் வாங்கப் போனால் பேச்சு நின்றது. நானும் அவளிடம் இயல்பாக இருக்கவில்லை. உள்ளுக்குள், இறங்கப் பார்த்திருந்தால் பத்திரமாக இறங்கியிருப்பேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒஸ்கார்கூடக் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு லாரி ஓட்டினான்.

மத்ரோனா அடக்கம் முடிந்த மறுநாளே கன்டெய்னருக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். நான்கு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"தரையில பாத்தது போதாது. மேல போய், நிஜமா இறங்கற மாதிரியே இறங்கி, ஒவ்வொரு நம்பரா அழுத்தணும். நானும் வரேன்."

இதன் அருமை அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். மத்ரோனாவுக்குப் பறந்தால் குடல் வாய்க்கு வரும். மடியில் காலி காப்பி டப்பா வைத்துக்கொண்டுதான் ஏறுவாள். ஆனாலும் அவள் கையெழுத்துப் போட்ட எந்த விமானத்திலும் தான் உட்கார்ந்து பறக்காமல் போட்டதில்லை.

வானம் சுத்தமாக இருந்த நாள். நுனாராக் ஓடுதளம் பத்து மைல் தூரத்திலேயே தெரிந்தது. நான் வெளியே பார்க்க முடியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பைக் கட்டிவிட்டாள். மலையையும் வானத்தையும் அவள் பார்த்துக்கொள்வாள். முள்ளை மட்டும் பார்த்து இறங்கினேன். முதல் தடவை ஒன்றும் பேசாமல் இறங்கச் சொன்னாள். முள் நடுவில் கல் மாதிரி நின்றது. இரண்டாவது தடவை 121.2 அழுத்தச் சொன்னாள், எதிர்பார்த்தபடியே விழுந்தது. மூன்றாவது தடவை, டப்பாவிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு, "இப்ப நோயாளிய ஏத்திக்க இறங்கும்போது என்ன செய்வியோ அத அப்படியே செய். ஒண்ண விடாத," என்றாள்.

வேகத்தைக் குறைத்தேன். இறக்கையின் பின்மடல்களை இறக்கினேன். அப்படிச் செய்யும்போது அந்த விமானம் வால்பக்கம் லேசாக நடுங்கும், பழகிப்போன நடுக்கம். அறுநூறு அடி உயரத்தில், வழக்கமாகச் செய்வது போலவே, கம்பெனி அலைவரிசையில் பொத்தானை அழுத்தினேன். "இறங்கறேன், நோயாளியத் தயாரா—"

முள் செத்தது. இனி நம்பாதே என்று சொல்லும் சின்னச் சிவப்புக் கொடி அதன் மேல் விழுந்தது.

நான் பொத்தானை விட்டேன். கொடி போகவில்லை. விமானம் இறங்கிக் கொண்டிருந்தது. பத்து நொடி. இருபது. கை தானாகக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்திருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. முப்பத்தைந்தாவது நொடியில் மத்ரோனா, "மேல போ, போதும், மேல போ!" என்று கத்தினாள். மறைப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பார்த்தேன். ஓடுதளம் வலப்பக்கம் தள்ளிக் கிடந்தது. எதிரே மலைச்சரிவு. பனியில் முளைத்து நின்ற புதர்களை எண்ணலாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் எலேனாவுக்காகப் போன அந்த வியாழக்கிழமையையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்று நான் இறங்கியிருந்தால் இதே பொத்தானை, இதே உயரத்தில், இதே வார்த்தைகளைச் சொல்ல அழுத்தியிருப்பேன். வெளியே வெறும் பால். பெத்தெலில் இறங்கி எஞ்சினை அணைத்தேன். மத்ரோனா டப்பாவை மூடிக்கொண்டே, "பேசும்போது தரையில ஏன் விழல, மேல ஏன் விழுந்துது? அந்த நடுக்கத்துல எதோ ஒண்ணு ஆடுது. வால்ல என்ன இருக்கு?" என்றாள். அவள் மனசு அதற்குள் வேலைக்குப் போய்விட்டிருந்தது.

விமானத்தில் இருந்த எல்லா ஆண்டெனாக்களையும் அவள் ஏற்கெனவே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருந்தாள், ஒன்றைத் தவிர. வாலில் விபத்துப் பெட்டி இருக்கும். விமானம் விழுந்தால் தானாக விழித்துக்கொண்டு உதவிக்குக் கத்தும் சின்ன ஒலிபரப்பி. விமானம் விழும்வரை அது அணைந்தே கிடக்கும். "தூங்கறவன யாரு சந்தேகப்படுவா?" என்று பின்னால் சொன்னாள். வால் மூடியைக் கழற்றினால், அதன் கேபிளை இணைக்கும் முனை பாதி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை முழுதாகப் பிடுங்கிவிட்டு என்னை அழுத்தச் சொன்னாள். 121.2. எட்டுக் கோடுகளும் நின்றன. மாட்டினாள், விழுந்தன. பிடுங்கினாள்; நின்றன. கையால் முனையை ஆட்டிக்கொண்டே 131.25 அழுத்தச் சொன்னாள், அதுவும் விழுந்தது. பதினொரு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டி, எங்கள் ரேடியோவின் குரலைத் தன் ஆண்டெனாவில் வாங்கி, மடங்குகளாக்கி, விமானத்தின் முதுகிலிருந்த ஜிபிஎஸ் மீது திருப்பி வீசிக்கொண்டிருந்தது.

வெர்ன் விமானத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் மலையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். கோடுகள் விழுவதையும் எழுவதையும் மூன்று தடவை பார்த்தார். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது.

"நான் உன்னக் கேட்டிருக்கக் கூடாது," என்றார். "அன்னைக்கு, தங்கச்சின்னு சொல்லி."

"சரி, கேட்ட. நான் சொன்னேன். அந்தத் திருப்புளிய எடு."

எடுத்துக் கொடுத்தார்.

சரிசெய்வது எளிது. புதுக் கேபிள், அந்தக் கேபிளின் நடுவே, குறிப்பிட்ட அந்த மடங்கை மட்டும் விழுங்கிவிடும் கட்டைவிரல் அளவு வடிகட்டி. மற்ற இரண்டு விமானங்களில் ஒன்றிலும் இதே கோளாறு இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி தரையிலும் மேலேயும் சோதித்தாள். டப்பாவோடு ஒன்பது தடவை பறந்தாள். மே மாதம் ஆங்கரேஜிலிருந்து பிரிகம் என்ற ஆய்வாளர் வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். மத்ரோனா பென்சிலால் எழுதிய நாற்பது பக்கத்தையும் கன்டெய்னரில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார்.

"இந்த விபத்துப் பெட்டி சோதனைய எந்தப் புத்தகத்துலருந்து எடுத்தீங்க?"

"புத்தகம் இல்லீங்க. எல்லாத்தையும் கழட்டிப் பாத்தேன், இது மட்டும் மிச்சம் இருந்துச்சு."

"இந்தப் பக்கங்கள நான் நகல் எடுத்துக்கலாமா? இந்தப் பகுதியில இருக்கற மத்த கடைக்காரங்களுக்கும் அனுப்பணும்."

"எழுத்து கோணலா இருக்கும்."

"பரவாயில்ல. எண்ணெல்லாம் நேராத்தான் இருக்கு."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் அதன் கீழே போட்டார். வெர்ன் ஸ்டிக்கரைக் கிழிக்கப் போனார். நகத்தால் கிழித்தால் பலகை கீறும் என்று அதட்டி, அவளே சூடு காட்டி உரித்தாள். அந்தக் கோடையில் மற்ற நிறுவனங்களும் தங்கள் விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தின. பத்தொன்பதில் நான்கில் அதே கோளாறு. அந்த நான்கு விமானிகளும் அதுவரை தெரியாமலே பறந்துகொண்டிருந்தவர்கள்.

எலேனா மட்டும் பேசவில்லை. ஒரு நாள் நான் மத்ரோனாவிடம் கேட்டேன்: "மலைய நோக்கிப் போனோமே, அத அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே? சொன்னா புரிஞ்சுக்குவா."

அவள் சாலிடரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்தாள். "கொழந்தையப் பறிகொடுத்தவ முன்னால போய், 'பாத்தியா, நான் சொன்னது சரி'ன்னு நிக்கச் சொல்றியா?"

கம்பியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அக்டோபரில் எலேனா பல் வைத்தியத்துக்காக பெத்தெல் வந்திருந்தாள். ஊர் திரும்பும்போது என் விமானத்தில் முன் இருக்கை கிடைத்தது. நுனாராக் மேல் மேகம். அன்றைப் போலவே பால். நான் முள்ளைப் பார்த்து இறங்கினேன். ஜன்னலெல்லாம் வெள்ளை. அவள் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியைக் கூப்பிட்டு, இறங்குவதாகச் சொன்னேன். முள் அசையவில்லை. நானூற்று ஐம்பது அடியில் மேகம் முடிந்தது. ஓடுதளத்தின் இரண்டு வரிசை விளக்குகளும் நேர் எதிரே இருந்தன.

விமானம் நின்றதும் அவள் இறங்கவில்லை.

"இந்தப் பொட்டிய அவதான் வெச்சாளா?"

"ஆமா."

"அன்னைக்கும் இது இருந்துச்சு."

"இருந்துச்சு. ஆனா அன்னைக்கு இப்ப மாதிரி நின்னிருக்காது." மத்ரோனா சொல்லாததை நான் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு சொன்னேன், சிவப்புக் கொடியிலிருந்து மலையின் புதர்கள் வரை எல்லாம். "நான் இறங்கியிருந்தா, உங்கள ஏத்திக்கிட்டு வர ஆள் இருந்திருக்காது. உங்க ஊரு மலையிலருந்து எங்களத்தான் பொறுக்கியிருப்பாங்க."

"இத ஏன் அவ என்கிட்ட சொல்லல?"

"நான் கேட்டேன். கொழந்தையப் பறிகொடுத்தவகிட்ட போய் நான் சரின்னு நிக்கவான்னு கேட்டா."

எலேனா கண்ணைத் துடைக்கவில்லை. வழிய விட்டாள். "இரு," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்து போனாள். சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே புகை போட்ட சால்மன் கீற்றுகள், அந்தக் கோடையில் உலர்த்தியவை. "அவகிட்ட குடு. நான்தான் குடுத்தேன்னு சொல்லு."

கொடுத்தேன். சொன்னேன். மத்ரோனா பையைப் பிரித்து ஒரு கீற்றை எடுத்துக் கடித்தாள். வெகுநேரம் மென்றாள். "உப்பு ஜாஸ்தி. அவ எப்பவும் இப்படித்தான்," என்றாள். எனக்கு ஒன்று நீட்டினாள். பிறகு கன்டெய்னர் கதவைச் சாத்தச் சொன்னாள். குளிர் வருகிறதாம். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவள் நுனாராக் போக என் விமானத்தில்தான் ஏறினாள், மடியில் டப்பாவோடு.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அவள் வேலை பார்த்தாள். புதுப்புதுப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றையும் அதே சந்தேகத்தோடு வரவேற்றாள். அறுபத்தொரு விமானங்களின் பதிவேடுகளில் அவள் பெயர் இருக்கிறது. அவற்றில் எதுவும் மேகத்துக்குள் வழி தவறி விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மற்ற காரணங்களால் இரண்டு விழுந்தன. இரண்டுக்கும் விசாரணை நடந்தபோது அவள் தன் பக்கங்களோடு தானே போய் உட்கார்ந்தாள், யாரும் கூப்பிடாமல்.

2008 வசந்தத்தில் ஒரு நாள், இணைப்பு முனையொன்றின் துளைகளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் சின்ன எண்களைப் படிக்கும்போது எட்டு எது, மூன்று எது என்று அவளுக்குத் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தாள். அப்போதும் ஒன்றைத் தப்பாகப் படித்தாள். மாட்டுவதற்கு முன்னால் அளந்து பார்க்கும் பழக்கம் இருந்ததால் அங்கேயே பிடித்துவிட்டாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்று மதியமே தன் கையெழுத்து உரிமையைத் திருப்பிக் கொடுப்பதாக ஆங்கரேஜ் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள்.

வெர்ன் செய்தி கேட்டு ஓடி வந்தார். அவருக்கும் அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

"உன்ன யாரும் எதுவும் கேக்கலயே மத்ரோனா! ஒரு தப்பு, அதுவும் நீயே கண்டுபிடிச்ச தப்பு."

"கேட்டதுக்கப்புறம் குடுத்தா அதுக்குப் பேரு குடுக்கறதா?"

"நாங்க என்ன பண்ணுவோம்?"

"ஆங்கரேஜுக்கு எடுத்துட்டுப் போங்க."

ஆங்கரேஜ் நானூறு மைல். புது ஆள் ஒருவர் பெத்தெல் வந்து சேர இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு சின்னச் சோதனைக்கும் வெர்ன் விமானங்களை அவ்வளவு தூரம் அனுப்பினார். ஒவ்வொன்றும் போய் வர மூன்று நாள், நான்கு நாள். அங்கே போய்ப் பொருமினார், இங்கே வந்து பொருமினார், எங்கள் எல்லோரிடமும் பொருமினார். அளவுமானிகளைத் துடைத்து மூடி வைத்துவிட்டு அவள் நூறு அடி தள்ளிக் கன்டெய்னரில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் 'இந்த ஒரு தடவை நீயே போட்டுக் குடு' என்று அவளிடம் போய் வெர்ன் ஒரு நாளும் கேட்கவில்லை.